கல்லாவை ஒட்டிக் கிடக்கும் நோட்டு

வியாபாரத்தைப் பற்றி எழுத, கடையை விட்டு எழுந்து வர வேண்டும் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. உப்பூர்ச் சாலையோரக் கடைகளில் கல்லாவை ஒட்டிக் கிடக்கும், எண்ணெய்க் கை பட்டு ஓரம் சுருண்ட பற்று நோட்டைப் பாருங்கள். சில்லறைச் சத்தத்துக்கு நடுவே, ஆள் நகர்ந்த கையோடு கிறுக்கிய வரிகள், ஒன்றுகூட அலங்காரமில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாகவும் (மொழிபெயர்ப்பாளர்) வணிகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பின் ருசியும் இதுதான். கப்பல் வந்த நேரம், முழங்கிய பீரங்கிகளின் எண்ணிக்கை, துணிச் சரக்கின் பேரம், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயோடு நடந்த பேச்சு, எல்லாம் வாய்ப்பேச்சுத் தமிழிலேயே வந்து விழுகின்றன. சொந்தப் பெருமை பேசுகிறாரே என்றால், கொஞ்சம் பேசுகிறார்தான். ஆனால் தொழிலை விட்டு ஓய்ந்தபின் எழுதுகிறவர் முதலில் தொலைப்பது அந்த நேரத்தையும் எண்ணிக்கையையும்தான். பிள்ளை நடுவே எழுதாமல் விட்ட நாட்களும் உண்டு. வியாபாரிக்கு வேறு வேலை இருக்காதா!