ராஜாக்கண்ணு எந்த சனம்?

1993 மார்ச்சில் கம்மாபுரம் போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு, முதனை கிராமத்துக் குறவர். முத்தாண்டிக்குப்பம், நெய்வேலி பக்கத்து ஆட்களுக்கு இது கதையில்லை, பக்கத்து ஊர்ச் சாவு. 2021 நவம்பரில் வந்த த.செ.ஞானவேலின் 'ஜெய்பீம்' அவரை இருளராக்கிவிட்டது. பேர் அப்படியே இருக்கு, சனம்தான் மாறிப்போச்சு.

"சினிமாதானே, யாரா இருந்தா என்ன?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். பதில் படத்தின் முதல் காட்சியிலேயே இருக்கிறது. சிறை வாசலில் விடுதலையாகி வருகிறவனிடம் சாதி கேட்கிறார்கள். சொல்லும் பேரை வைத்து ஒருவன் வீட்டுக்குப் போகிறான், இன்னொருவன் மறுபடியும் போலீஸ் கைக்குப் போகிறான். இவ்வளவு அழுத்தமாகச் சொல்லத் தெரிந்த படம், செத்தவனின் பேரை ஏன் மறைக்க வேண்டும்?

குறவர் என்ற பேரே ஒரு கேஸ்தான். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1947இல் இங்கே ரத்தானது. போலீஸ்காரன் மனசில் ரத்தாகவில்லை.

மொழியையும் பார்க்கணும். குறவர்களுக்குத் தமிழோடு ஒட்டிய தனிப் பேச்சு உண்டு. அதே பேச்சுக்காரர்கள் ஆந்திராவில் எருகுலர், அங்கே பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். இங்கே சிலர் எஸ்.சி., சிலர் சீர்மரபினர். ஒரே சனத்தைப் பட்டியல் கூறு போட்டுவிட்டது. ஊர்க்காரனுக்கோ குறவர் என்றாலே ஊசிமணி பாசிமணிதான். அது வாக்ரி மக்கள். அவர்கள் பேசுவது வடக்கத்தி மொழிக் குடும்பம், குறவரோடு அதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. இந்தக் குழப்பத்தைத் தெளிவாக்க ஒரு வசனம் போதும், பெரிய படம் அதைச் செய்திருக்கலாம். செய்யல.

இருளர் பாடும் லேசில்லை. சாதிச் சான்றிதழுக்கு நாயாய் அலையும் மக்கள். 1996இல் திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி தொடங்கிய பாதுகாப்புச் சங்கம் அதற்காகத்தான் நின்றது. படம் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, மறுக்கவில்லை. ஆனால் இருளருக்கும் சொந்தக் கதைகள் உண்டு, கடன் கதை எதுக்கு?

சூர்யா இருளர் கல்வி அறக்கட்டளைக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். நல்ல காரியம். ராஜாக்கண்ணுவின் மனைவி பார்வதியம்மாளுக்குப் பத்து லட்சம் வைப்புத்தொகை பிறகுதான் அறிவிக்கப்பட்டது, அதுவும் படம் வந்து பேச்சு கிளம்பிய பின். அவர் குறவப் பெண் என்பது பேப்பரில் வந்தது. படத்தில் வரவே இல்லை.