முன்தீர்ப்பின் சொல்லும் பொருளும்

முன்னோர் வழங்கிய தீர்ப்பைப் பின்னோர் போற்றுதல் நீதிமன்றத்தின் நெடுங்கால ஒழுக்கம். ஒத்த வழக்குகளுக்கு ஒத்த முடிவே கிட்டும் என்னும் துணிபு இன்றேல், குடிகள் சட்டத்தை நம்பி வாழ்தல் அரிது. ஆயின், போற்றுதற்குரியது முன்தீர்ப்பின் சொல்லா, அச்சொல்லின் உள்நின்ற காரணமா? இவ்வினாவை ஆராய்தற்கு யாழ்ப்பாணத்தில் எழுந்த துரையப்பா எதிர் பெர்னாண்டோ என்னும் வழக்குச் சிறந்ததோர் உரைகல்லாகும்.

1966ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாண மாநகர சபையை உள்ளூராட்சி அமைச்சர் கலைத்தார். ஒரு சபை தன் கடமைகளை ஆற்றத் தகுதியற்றது என அமைச்சருக்குத் தோன்றுமிடத்து, அதனைக் கலைத்தற்கு மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தின் 277ஆம் பிரிவு அதிகாரம் அளித்திருந்தது. கலைத்தற்கு முன் சபையாரின் விளக்கம் கேட்கப்படவில்லை. மாநகர முதல்வர் உயர் நீதிமன்றத்தை நாடினார்.

ஆங்கு அவர்முன் தடையாய் நின்றது, 1958ஆம் ஆண்டில் சுகததாச எதிர் ஜயசிங்க என்னும் வழக்கில் அதே நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. 'அமைச்சருக்குத் தோன்றுமிடத்து' என்பன போன்ற தொடர்கள் வேறு அடைமொழியின்றித் தனித்து நிற்பின், நீதிமுறையாக ஒழுகும் கடமை அமைச்சருக்கு இல்லை என்பதே அதன் சாரம். நீதியரசர்கள் அம்முன்தீர்ப்பையே பின்பற்றினர். முதல்வரின் மனு தள்ளப்பட்டது.

வழக்கு மேன்முறையீட்டில் இலண்டன் கோமறைக் கழகத்தை அடைந்தது. அந்நாளில் இலங்கை வழக்குகளின் இறுதி மன்றம் அதுவே. அப்ஜோன் பிரபு வழங்கிய தீர்ப்பு, சட்டத்தின் ஒரு தொடரை மட்டும் கொண்டு இயற்கை நீதியை விலக்கலாகாது என்றது. பாதிக்கப்பட்டவரின் பதவியும் உரிமையும் எத்தகையன? அதிகாரி எந்நிலையில் தலையிடலாம்? தலையிட்டபின் அவர் விதிக்கத்தக்க தண்டம் யாது? இம்மூன்றையும் ஒருங்கே நோக்கல் வேண்டும் என அத்தீர்ப்பு வகுத்தது. மக்களால் தெரியப்பட்டுப் பெருஞ்சொத்தையும் பொறுப்பையும் தாங்கும் ஒரு சபையைக் குற்றஞ்சாட்டி முற்றாக ஒழிக்குமுன், அதன் கூற்றைக் கேட்டேயாக வேண்டும். ஆகலின் 1958ஆம் ஆண்டின் விதி பிழையானது என்பது முடிபு. சொல்லைவிட்டுக் காரணத்தைத் தேடிய இப்பகுதி பாராட்டுக்குரியது.

எனினும் முதல்வர் வெற்றி பெற்றாரல்லர். அமைச்சரின் கட்டளை தானே செல்லாததன்று, உரியவர் முறையிட்டால் நீக்கத்தக்கது மாத்திரமே. முறையிடற்குரியது சபையேயன்றித் தனித்து நின்ற முதல்வர் அல்லர் என்று கழகம் கூறி, மேன்முறையீட்டைத் தள்ளியது.

ஈண்டே நம் ஐயம் பிறக்கின்றது. பிறைற்றன் நகரக் காவல்துறைத் தலைவரைக் கேளாமலே நீக்கிய ரிட்ஜ் எதிர் போல்ட்வின் வழக்கில், பிரபுக்கள் சபை 1963இல் அந்நீக்கத்தைக் கண்டித்தது. ரீட் பிரபு அதனைச் செல்லாதது என்றே கொண்டார். அத்தீர்ப்பைத் துணைக்கொண்ட கோமறைக் கழகம், அதன் பயனை மட்டும் குறுக்கியது ஏன்? கலைக்கப்பட்ட சபை முறையிடலாம் என்பது ஏட்டளவில் எளிது. கூட்டம் கூட்டும் அதிகாரமும் செலவிடும் பணமும் பறிக்கப்பட்ட ஒரு சபை, தன் பெயரால் வழக்காடுதல் நடைமுறையில் எத்துணைக் கடினம்! சபையின் தலைவராயிருந்தவரே உரியவரல்லர் எனின், வேறு யார் உரியர்? 'தோன்றுமிடத்து' என்னும் தளையை அறுத்த கழகம், 'செல்லாதது', 'நீக்கத்தக்கது' என்னும் இரு சொற்களின் தளையில் தானே சிக்கிற்று எனல் மிகையாகாது.

இலங்கையிலிருந்து கோமறைக் கழகத்துக்குச் செல்லும் மேன்முறையீடு 1971இல் நின்றது. ஆயினும் இவ்வழக்குத் தரும் பாடம் நிற்கின்றது. முன்தீர்ப்பை ஆராய்ந்தே உறுதி செய்தல் வேண்டும். பிழையெனக் கண்டவழித் துணிந்து விலக்கலும் வேண்டும். அவ்வாறு கண்ட நெறி, முறையிட்டு வந்தவனுக்குப் பயன் அளித்தலும் வேண்டும். நெறியை நாட்டிவிட்டு நீதி கேட்டவனை வெறுங்கையோடு அனுப்பும் தீர்ப்பு அறிஞர்க்கு விருந்தாகலாம். குடிகளுக்கு அது அரைநீதியே.