தேரடி ஆபீஸ் லேப்டாப்பில் டெபியன் 13

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் எங்கள் ஆபீஸ். இ-வே பில், ஷிப்பிங் பில், டெலிவரி ஆர்டர் என்று நாள் முழுக்க பிரிண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். இருப்பவை இரண்டே கணினிகள். ஒன்று, ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய ஆறாம் தலைமுறை ஐ3 டெஸ்க்டாப். இன்னொன்று, அக்கா மகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப். படிப்பு முடித்துவிட்டு இப்போது எங்களோடு வேலை பார்க்கிறாள். லேப்டாப்பும் கூடவே வந்துவிட்டது. இரண்டிலும் விண்டோஸ் 10.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் இன்டெல் சிப் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 வேண்டும். எங்கள் இரண்டு கணினிகளுக்கும் அந்தத் தகுதி இல்லை.

“நல்லாத்தானே ஓடுது, அப்டேட் வராட்டி என்ன ஆயிடும்?” என்று முதலாளி கேட்டார். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற எல்லோரும் இதற்குப் பதில் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓர் ஓட்டையை 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் அடைத்தது. திருத்தத்தைப் போடாமல் விட்ட கணினிகளுக்குள் மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீநிரல் புகுந்தது. அப்போதும் பலர் போடவில்லை. ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற இன்னொரு தீநிரல் அதே ஓட்டையையும் பயன்படுத்திக்கொண்டு பரவியது. உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிளம்பி, மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தையே முடக்கியது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமத்தின் முனையம் நின்றுபோய்ச் சரக்கு தேங்கியது. மேர்ஸ்க்கின் 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள் எல்லாவற்றையும் பத்து நாளில் புதிதாக நிறுவி எழுந்தார்கள். அதற்குக் கைகொடுத்தது கானாவில் இருந்த ஒரே ஒரு சர்வர். தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை, அதனால் தப்பியது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு முனையம் நின்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே லேப்டாப்பில் டெபியன் 13 போட்டேன். 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான இலவச லினக்ஸ் இது. மூன்று ஆண்டு முழுப் பாதுகாப்பு, அதன்பின் இரண்டு ஆண்டு நீட்டிப்பு என ஐந்தாண்டுக்குத் திருத்தங்கள் வரும். இந்த லேப்டாப்புக்கு இது முற்றிலும் அந்நியமும் இல்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அரசு லேப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அது டெபியனிலிருந்து பிறந்ததுதான். “ஒரு தடவை திறந்தேன் மாமா, ஒண்ணும் புரியல, மூடிட்டேன்” என்றாள் அக்கா மகள். லட்சக்கணக்கான பிள்ளைகளின் கையில் கொடுத்தோம், உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வைக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது மனக்குறைதான்.

நிறுவும்போதே மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. வைஃபை முதல் முயற்சியிலேயே கிடைத்தது. 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க் என்பதால் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ முகப்பைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸில் காலையில் பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வருவோம். இப்போது நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் தயாராகிவிடுகிறது. தமிழ்99 விசைப்பலகையும் பழைய தட்டச்சு விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளக் கிடைக்கின்றன. மெனுவில் சில இடங்களில் ஆங்கிலம் அப்படியே இருக்கிறது. வேலைக்கு அது இடைஞ்சல் இல்லை.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. இந்தப் பதிப்பில் தற்காலிகக் கோப்புகள் டிஸ்க்கில் அல்லாமல் ரேமில் தங்குகின்றன. பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளும். பெரிய ஸ்கேன் கோப்புகளைக் கையாண்டபோது லேப்டாப் திணறியது. அமைப்பை மாற்றி டிஸ்க்குக்கே திருப்பிய பிறகு சரியானது. 4 ஜிபி உள்ளவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். 32-பிட் சிப் உள்ள மிகப் பழைய கணினிகளுக்கு டெபியன் 13-இல் நிறுவியே கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது அப்டேட் வரும் முறை. என்ன வருகிறது, எவ்வளவு பெரியது என்று முன்கூட்டியே சொல்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டிலேயே முடித்துவிடலாம். ஷிப்பிங் பில் அடித்துக்கொண்டிருக்கும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகி நம்மைத் தவிக்கவிடுவதில்லை. மூன்றாம் நாள் அப்டேட் பாதியில் கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரியும் செத்துவிட்டதால் சட்டென்று அணைந்தது. கரண்ட் வந்ததும் திறந்துகொண்டது. ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன், விட்ட இடத்திலிருந்து வேலையை முடித்துவிட்டது. எங்கள் பக்கத்துக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

நிரல் எழுதுவோருக்கு பைதான் 3.13, ஜிசிசி 14.2, போஸ்ட்கிரெஸ் 17 எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. நான் எழுதியது ஒரு சின்ன பைதான் நிரல். கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். முதல் பத்தையும் கணக்குப் போட்டால் அந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். வராவிட்டால் தட்டச்சில் பிழை. ஒரு எண் மாறினால் கேட்டில் லாரி நின்றுவிடும் என்பதால் இந்த இருபது வரி நிரல் எங்களுக்குப் பெரிய உதவி.

பாதுகாப்பு ஆய்வாளர்கள் டெபியனை மதிப்பதற்குக் காரணம் அதன் நிதானம். 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளுக்குள் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தது வெளிவந்தது. உள்நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது நுழைந்திருந்தது. நிலையான பதிப்பை எட்டவில்லை. புதியதை உடனே வாரிக்கொள்ளாமல் காத்திருப்பதன் பலன் அது. பதிப்பு 13-இல், நிரலின் துண்டுகளையே கோத்துத் தாக்கும் உத்திக்கு எதிரான தடுப்பும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அதற்குப் புதிய சிப் வேண்டும். எங்கள் கணினிகளுக்கு அந்தப் பயன் இல்லை.

இனி குறை. எங்கள் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கான மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே கிடைக்கிறது. கணக்குக்கு வைத்திருக்கும் டேலியும் அப்படியே. இரண்டு வாரம் முட்டிப் பார்த்துவிட்டு, அந்த இரண்டையும் டெஸ்க்டாப்பிலேயே விட்டுவிட்டோம். அதற்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தம் வாங்கியாக வேண்டும்: நிறுவனங்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். வீட்டுக் கணினிக்கு இதே திட்டம் 30 டாலர். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிப்பவர்களுக்கு இலவசம். ஆனால் வீட்டுக்கு 2026 அக்டோபர் 13 வரைதான்.

டோக்கனும் டேலியும் இல்லாத கணினிக்கு டெபியன் 13-ஐத் தயங்காமல் போடலாம். காலடிப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஜெராக்ஸ் கடையோ கிளியரிங் ஆபீஸோ வைத்திருப்பவர்கள், திருத்தம் நின்றுபோன விண்டோஸ் 10-இல் வாடிக்கையாளரின் ஆதாரையும் வங்கி விவரத்தையும் தயவுசெய்து திறக்காதீர்கள். டோக்கன் மென்பொருள் தருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: லினக்ஸுக்கும் ஒன்று தாருங்கள்.