நெரிந்த நாணலும் நெல்லைத் தமிழும்

பக்தி இலக்கியத்தில் ஆறுதல் என்ற பொருளில் மலருக்கு எழுதித் தரவேண்டும் என்று மன்றத்துப் பெரியவர்கள் பணித்தார்கள். பட்டாளத்தோடும் ரயில்வேயோடும் செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்த தமிழ்ச் சபையார் பாமாலையையும் கீர்த்தனையையும் இன்றுவரை கையில் வைத்திருப்பது இத்தகைய பெரியவர்களின் பிடிவாதத்தால்தான். அவர்கள் சொல்லை மறுக்கும் துணிவு எனக்கு இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையை இன்னும் சீர்திருத்த விழைந்த பியூரிட்டன்களைப் பற்றி மன்ற உறுப்பினர்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. நான் நிறுவ விரும்புவது ஒன்றே. ஆறுதல் சொல்வதற்கு ஒரு தரம் உண்டு. வந்திருப்பவரின் துயரம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிந்த பிறகே ஆறுதலைத் தொடங்க வேண்டும் என்பதே அந்தத் தரம். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட அதைத் தமிழில் காப்பிய அளவுக்கு உயர்த்தியவர் எங்கள் நெல்லைச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை.

பியூரிட்டன் நூல்களின் வரிசையைப் பார்த்தாலே இது விளங்கும். கேம்பிரிட்ஜுக்கு அருகே டிரை டிரேட்டன் என்ற சிற்றூரில் ஊழியம் செய்த ரிச்சர்டு கிரீன்ஹாம், கலங்கிய மனச்சாட்சிகளுக்கு வைத்தியர் என்றே பெயர் பெற்றவர். அவர் வழியில் வில்லியம் பெர்க்கின்ஸ் மனச்சாட்சியின் சிக்கல்களை வகை வகையாகப் பகுத்து எழுதினார். நொந்த மனச்சாட்சியைத் தேற்றும் முறையை மட்டுமே பொருளாகக் கொண்டு ராபர்ட் போல்ட்டன் 1631-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு ஓராண்டு முன்பு ரிச்சர்டு சிப்ஸ், ‘நெரிந்த நாணலை முறியார்’ என்ற ஏசாயாவின் வாக்கை வைத்துத் தம் நூலைத் தந்தார். தேவனுக்குப் பயந்து நடக்கிற ஒருவன் வெளிச்சமில்லாமல் இருக்கக்கூடும் என்பதை விளக்க தாமஸ் குட்வின் 1636-இல் தனி நூலே எழுதினார். வில்லியம் பிரிட்ஜ் 42-ஆம் சங்கீதத்தின் ஒரே வசனத்தின் மேல் செய்த 13 பிரசங்கங்கள் 1649-இல் நூலாயின. பாவத்தால் வரும் கலக்கம், பலவீனத்தால் வரும் கலக்கம், சோதனைக்காரனால் வரும் கலக்கம், ஊழியத்தில் பலன் காணாததால் வரும் கலக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் தனித்தனியே மறுமொழி சொல்கிறார். சாத்தானின் தந்திரங்களைப் பெயர் சொல்லி அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய மாற்று மருந்தை எழுதினார் தாமஸ் புரூக்ஸ். ஆண்டு 1652. எல்லா நோய்க்கும் ஒரே சூரணம் கொடுக்கிற வைத்தியர் இவர்களில் ஒருவரும் இல்லை.

இவர்கள் சுகமாக உட்கார்ந்து எழுதியவர்களும் அல்லர். ஒரே வழிபாட்டு முறையைக் கட்டாயமாக்கிய சட்டத்துக்கு இணங்காததால் 1662 ஆகஸ்டு 24-இல் ஏறத்தாழ 2,000 போதகர்கள் சபைகளை இழந்தார்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் வாட்சன், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற அப்போஸ்தல வாக்கை விளக்கும் தம் நூலை மறு ஆண்டே வெளியிட்டார். அடுத்து கொள்ளைநோய் வந்தது, அதற்கடுத்து லண்டன் எரிந்தது. ஜான் ஓவனுக்குப் பிறந்த பதினொரு பிள்ளைகளில் வயதுக்கு வந்தவள் ஒரே மகள். அவளும் தந்தைக்கு முன்பே போனாள். தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்று வழங்கும் நூலை எழுதிய ஜான் பனியன் பெட்போர்டு சிறையில் கழித்தது 12 ஆண்டுகள். இவர்கள் சொன்னதும் எழுதியதும் ஒருவரிலிருந்து ஒருவருக்குக் கைமாறிக்கொண்டே வந்தன. பால் பெய்ன்ஸின் ஊழியத்தால் சிப்ஸும், சிப்ஸால் ஜான் காட்டனும், காட்டனால் ஜான் பிரெஸ்டனும் மனந்திரும்பினார்கள் என்ற பரம்பரை உறுப்பினர்கள் அறிந்தது. ஊர் ஊராகச் சுற்றி விற்றவனிடம் தகப்பனார் வாங்கிய சிப்ஸின் நூல், இளைஞர் ரிச்சர்டு பாக்ஸ்டரின் மனத்தைத் திறந்தது. தேறினவரே பிறரைத் தேற்றினார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவர்கள் கடுமையானவர்கள், ஓயாமல் உள்ளத்தைத் தோண்டச் சொல்லிச் சோர்ந்தவனை இன்னும் சோர வைப்பவர்கள் என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ‘நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா’ என்ற கேள்வியில் ஆண்டுக்கணக்கில் உழன்றவர்கள் அக்காலத்தில் பலர். பனியனே உழன்றவர். 1666-இல் வந்த அவருடைய தன்வரலாறு முழுக்க அந்த உழலல்தான். ஆனால் அந்தப் புண்ணை முதலில் கண்டுகொண்டவர்களும் இவர்களே. பாக்ஸ்டர் மனச்சோர்வைப் பற்றிப் பேசும்போது விசுவாசத்தோடு மருத்துவத்தையும் சேர்த்தே சொல்கிறார். உடலின் நோயைப் பாவம் என்று எண்ணி மருகுகிறவரிடம் ஆத்தும விசாரணையைக் குறைத்துக்கொள் என்றும் மருத்துவரைப் பார் என்றும் சொல்லத் தயங்காதவர் அவர். பனியனுடைய ‘மோட்சப் பிரயாண’த்தின் 1684-ஆம் ஆண்டு இரண்டாம் பாகம் இன்னும் தெளிவானது. அங்கே பயந்தவர், மனத்திடம் குன்றியவர், ஊன்றுகோலில் நொண்டி வருகிறவர் எல்லோரும் யாத்திரிகர்களே. வழிகாட்டி அவர்களை விரட்டுவதில்லை, அவர்கள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்கிறான். வாழ்நாளெல்லாம் அஞ்சியவர் கடைசி ஆற்றைக் கடக்கும் நாளில் தண்ணீர் என்றுமில்லாதபடி வற்றியிருக்கிறது. இப்படி எழுதிய கையைக் கடுமையான கை என்பது நியாயமாகாது.

தமிழுக்கு இந்த மரபு பல வழிகளில் வந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய மிஷனரிகள் ஜெர்மனியின் ஹாலே பக்தி இயக்கத்தார். அந்த இயக்கத்தின் முன்னோடிகள் லூயிஸ் பெய்லி போன்ற ஆங்கிலப் பியூரிட்டன்களை ஜெர்மன் மொழியில் வாசித்தவர்கள். ஆகவே அந்த மிஷனரிகளின் வழியில் வளர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளில் நாம் கேட்கும் உருக்கத்துக்குள் இங்கிலாந்தின் எதிரொலியும் சற்று உண்டு. டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டு, மறையும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தவர். நலமாயிருக்கிறவர்கள் எழுதும் ஆறுதல் நூல்கள் நோயுற்றோருக்கு ஒட்டுவதில்லை என்று உணர்ந்து, நோயாளி நோயாளிகளுக்கு எழுதுவதாக 1933-இல் ஒரு நூல் தந்தார். அவர் பியூரிட்டன் மரபினர் அல்லர், இங்கிலாந்தின் கெசிக் மாநாடுகளில் வளர்ந்த பரிசுத்த வாழ்வு இயக்கத்தின் மரபினர். ஆயினும் துயரத்தை அதன் இடத்தில் நின்று பார்க்கும் தரம் அவரிடம் இருந்தது. நம் ஐதராபாத்திலேயே வாழ்ந்து 2000-இல் மறைந்த பக்த்சிங் ஐயாவின் எப்ரோன் சபையும், வேதத்தை நிதானமாக விரித்து வாசிக்கும் பழக்கத்தால் இந்நகரத்துக்கு ஒரு தரத்தைத் தந்தது. இந்தப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வணக்கம். என் பள்ளி நெல்லைப் பள்ளி என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிருஷ்ணபிள்ளை 1827-இல் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். கம்பனிலும் ஆழ்வார்களிலும் ஊறியவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் முதற்பாகத்தை வழிநூலாக்கி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் ‘நற்போதகம்’ இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து 1894-இல் நூலாயிற்று. ஐந்து பருவம், 3,766 செய்யுள். இந்தப் பதின்மூன்று ஆண்டுகளை நான் பெரிதாக நினைக்கிறேன். மாதம் ஒருமுறை சிறிது சிறிதாக வாசித்தவர்கள், உளையையும் காட்டையும் பள்ளத்தாக்கையும் விரைந்து தாண்டியிருக்க முடியாது. துயரப்படுகிறவனின் காலக்கணக்கில் அந்த நூல் நடந்தது. அதைவிடப் பெரியது அவர் செய்த ஒரு மாற்றம். பனியனிடம் சிலுவை ஒரு மேட்டின் மேல் நிற்கிறது. சுமை கழன்று உருள்கிறது, யாத்திரிகன் மேலே நடக்கிறான். கிறிஸ்துவின் பாடுகள் அங்கே கதையாக விரிவதில்லை. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரித படலம் அமைத்துப் பாடுகளை முழுமையாகப் பாடுகிறார். சோர்ந்த யாத்திரிகனுக்கு முன்பாக அவனைவிடச் சோர்ந்த ஒருவரை நிறுத்துகிறார். உள்ளே தோண்டிக்கொண்டே இருந்தால் தேறமாட்டாய், வெளியே பார் என்று சிப்ஸும் குட்வினும் வாதமாகச் சொன்னதை இவர் காப்பிய அமைப்பாகவே ஆக்கிவிட்டார். இடையிடையே அவரே பாடி வைத்த தேவாரப் பதிகங்கள், கதை கேட்டவனை அப்படியே ஜெபத்துக்கு அழைத்துப் போகின்றன.

எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் வழி இதில் கண்டிப்பானது. ஆறுதல் தரும் படலத்தை மட்டும் எடுத்து வாசிக்க விடமாட்டார். அதற்கு முன்னுள்ள இருளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பனியனின் சந்தேகக் கோட்டையைக் கொண்டு இதன் நியாயத்தைக் காட்டலாம். கதைத்தலைவன் கிறிஸ்தியானும் அவன் துணைவனும் புதன் காலை முதல் சனி இரவு வரை இருட்டறையில் கிடக்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும்படி கோட்டைக்குரிய அரக்கன் சொல்கிறான். கிறிஸ்தியான் அதற்கு இசையவும் பார்க்கிறான், துணைவன் தடுக்கிறான். வாக்குத்தத்தம் என்னும் சாவி அவன் மார்பிலேயே இருந்தது நினைவுக்கு வருவது ஞாயிறு விடியுமுன்தான். அந்த நான்கு நாளை நீக்கிவிட்டுச் சாவியை மட்டும் காட்டினால், இன்று இருட்டறையில் கிடப்பவனுக்கு அது எட்டாது. விசுவாசிக்கும் இந்த அறை உண்டு, பாதை தவறி உள்ளே வந்தவனுக்கும் சாவி உண்டு என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆறுதல்.

கிருஷ்ணபிள்ளை ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர், அவரைப் பியூரிட்டன் வரிசையில் எப்படி வைப்பது என்று கேட்பவர்கள் உண்டு. கொள்கையால் வைக்கவில்லை, தேற்றும் முறையால் வைக்கிறேன். எந்தத் திருச்சபையின் ஆதிக்கம் பனியனைச் சிறையில் வைத்ததோ, அந்தத் திருச்சபையின் மகன் நெல்லையில் அவரைக் காப்பியமாக்கினார் என்பது இந்த முறையின் வலிமைக்கே சாட்சி. நடை கடினம், சாதாரணச் சபையாருக்கு எட்டாது என்பது இன்னொரு மறுப்பு. சாமுவேல் பவுல் ஐயரின் உரைநடை மோட்சப் பிரயாணம் அந்தக் குறையைத் தீர்க்கவே இருக்கிறது. எளிய வாசலும் உண்டு, பெரிய கோபுரமும் உண்டு என்னும்போது கோபுரத்தை இடிக்கச் சொல்வது வழக்காகாது.

இன்றைய நிலையைச் சொல்லாமல் முடிப்பது கடமை தவறியதாகும். யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. பெயர் சொல்வது நம் மன்றத்தின் மரபும் அன்று. நல்ல உள்ளத்தோடு உழைப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆனாலும் புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த அட்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் ஆறுதல் சொல்லியாயிற்று என்ற நினைப்பு எப்போது வந்தது? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் வீட்டுக்கடன் தீராதவருக்கும் ஒரே பெட்டி, ஒரே அட்டை. வசனத்தின் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்ப்பார் இல்லை. ஜெபம் தொடங்கும்முன் கீபோர்டு தொடங்கிவிடுகிறது. அழுகிறவர் எதற்காக அழுகிறார் என்று கேட்பதற்குள் கைதட்டல் கேட்கிறது. மூன்று மாதத்தில் கடன் தீரும் என்று நாள் குறிக்கிறார்கள். தீராதபோது உன் விசுவாசம் போதவில்லை என்கிறார்கள். பாமாலை அலமாரியில் பூச்சி அரிக்கிறது. திரையில் ஓடும் பாட்டில் லகர ளகரம் போயிற்று, ழகரம் எப்போதோ போயிற்று. யாத்திரிகத்தின் ஒரு செய்யுளைச் சீர் பிரித்து வாசிக்கச் சொன்னால் மேடையே கலைந்துவிடும். அச்சிடும் சிறு நூல்களிலோ ஏசாயாவின் அதிகார எண்ணே தப்பு. சீர் பிரிக்கத் தெரியாதவருக்குத் துயரத்தை வகை பிரிக்கவும் தெரியாது. இன்று தமிழ்க் கிறிஸ்தவத்தைப் பிடித்திருக்கும் நோய்கள் அத்தனைக்கும், சபைப் பிளவுக்கும் சபைத் தேர்தல் வழக்குக்கும் இளையோர் விலகிப்போவதற்கும்கூட, வேர் இந்த ஒரு அலட்சியமே என்பது என் துணிவு. மிகையாகச் சொல்கிறேன் என்று பெரியவர்கள் கருதினால் பொறுத்தருள வேண்டும். சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.

இந்நகரத்தில் பிறந்த நம் பிள்ளைகள் பலருக்குத் தெலுங்கும் ஆங்கிலமும் வருகிற அளவுக்குத் தமிழ் எழுத்து வருவதில்லை. ஆகவே மன்றத்தின் முன் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறேன். இரட்சணிய சரித படலத்தை லெந்து நாட்களில் வாரம் ஒரு பகுதியாகச் சீர் பிரித்து, பொருள் சொல்லி வாசிக்க ஏற்பாடு செய்யவேண்டும். பிரிட்ஜின் பிரசங்கங்களை முறையாகத் தமிழாக்கி, பிழை திருத்துவோர் இருவர் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்பவேண்டும். துக்க வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் போகிற நம் சகோதரர்கள், ஜெபத்துக்கு முன்பு இருப்பவர் பேசி முடிக்கும்வரை கேட்கவேண்டும். கேட்டபின் எந்த வசனம் பொருந்தும் என்று தேடவேண்டும். மருத்துவர் தேவைப்படும் இடத்தில் மருத்துவர் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மூன்றாவதற்குச் செலவு ஒன்றுமில்லை. அதை இந்த ஆண்டே தொடங்கலாம்.