முன்னால் நிற்கும் இரண்டு எழுத்து

ஆங்கில முன்னொட்டுகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும், சுவை கிடைக்காது. அதைவிட, பட்டியல் குழப்பத்தைத் தீர்ப்பதும் இல்லை. 'ஆன்டே' என்றால் முன், 'ஆன்டி' என்றால் எதிர் என்று சொல்லித் தருகிறோம். முன்னது லத்தீன், பின்னது கிரேக்கம். இரண்டுமே 'முன்புறம், நெற்றி' என்ற பொருளுடைய ஒரே பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. ஒருவருக்கு முன்னால் நிற்பவர் அவருக்கு முந்திப் போகிறவராகவும் இருக்கலாம், அவரை மறிப்பவராகவும் இருக்கலாம். லத்தீன் முதல் பொருளைப் பற்றிக்கொண்டது. நண்பகலுக்கு முன் என்பதைக் குறிக்கும் ஏ.எம்.-இல் உள்ள 'ஏ' அதுதான். கிரேக்கம் இரண்டாவதன் பக்கம் சாய்ந்தது. ஆன்டிசெப்டிக்கும், ஆர்க்டிக்கின் எதிர்த்திசையான அண்டார்டிக்காவும் அங்கிருந்து வந்தவை. எதிரி, எதிர்காலம் இரண்டையும் ஒரே 'எதிர்' கொண்டு சொல்லும் தமிழருக்கு இந்த உறவு எளிதில் பிடிபடும். 'ஆன்டிசிபேட்' எழுத்தில் கிரேக்க வேடம் போட்டிருந்தாலும் பிறப்பில் லத்தீன்தான்: முன்கூட்டியே பற்றுதல். பட்டியலை நம்பியவர் இங்கே வழுக்கி விழுவார்; பிறப்பறிந்தவர் நின்று ரசிப்பார்.

சூழலே பொருளைக் காட்டிவிடுமே, இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். 'ஹைப்பர்கிளைசீமியா' ரத்தத்தில் சர்க்கரை மிகுவது, 'ஹைப்போகிளைசீமியா' குறைவது. இரண்டும் ஒரே நோயாளியின் குறிப்பில் அடுத்தடுத்து வரலாம். ஒன்றுக்கு இன்சுலின், மற்றொன்றுக்குச் சர்க்கரை. இங்கே சூழல் எந்தத் துப்பும் தராது.

இன்றைய வழக்கே பொருளைத் தீர்மானிக்கிறது, வேர் அல்ல என்ற மறுப்பு இதைவிட வலுவானது. 'இன்ஃப்ளேமபிள்' அதற்குச் சான்று. அதன் 'இன்' மறுப்பு அல்ல, 'உள்ளே' என்னும் லத்தீன் முன்னொட்டு. தீப்பற்றக்கூடியது என்பதே பொருள். தீப்பற்றாதது என மக்கள் படித்துவிடுவார்கள் என்று அஞ்சி, 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொன்னது. எரிபொருள் லாரியின் மீது எழுதும்போது அதுவே சரி. உயிரைவிடச் சொல்வரலாறு பெரிதல்ல. ஆனால் அதே 'இன்' உள்ள 'இன்ஃப்ளமேஷன்' மருத்துவத்தில் அப்படியே இருக்கிறது, யாரையும் குழப்பவில்லை. மறுக்கும் 'இன்' பெரும்பாலும் பெயரடையோடு சேர்வது. உள்நுழையும் 'இன்' வினையோடு சேர்வது. 'ஏபிள்' என்ற வால் முளைத்ததும் அந்தச் சொல் பெயரடையாகி, காது மறுப்பை எதிர்பார்த்துவிடுகிறது. குழப்பம் பிறப்பது முன்னொட்டில் அல்ல, சொல்லின் மறுமுனையில்.