கிளாக்கரின் ஐந்து தகடுகள்

பதுளையிலிருந்து பசறை போகும் பாதையில் ஒரு தோட்டம். அதன் பழைய ஆபீஸில், செக்ரோல் கட்டுகளுக்குப் பின்னால் கிடந்தது இந்தப் பெட்டி. ஐந்து இணைப்புகளுக்கான மெக்னெட்டோ சுவிட்ச்போர்ட். தோட்டத்தில் 'போர்ட்' என்றால் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதோடு மல்லுக்கட்டினேன். ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா துணைக்கு வந்தார்.

உயிர் கொடுப்பது சுலபம். பேசும் குழலுக்கு 3 வோல்ட் போதும். இரண்டு டோர்ச் பெட்டரிகளைக் கம்பியால் கட்டினேன். மணி அடிக்கப் பெட்டரி வேண்டாம், அதற்குக் கை இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் லாடக் காந்தங்களுக்கு நடுவே கம்பிச்சுருள் சுழன்று, சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் கம்பியில் ஓடும். சுற்றிக்கொண்டே முனையைத் தொட்டுப் பார்த்தேன். இனித் தொடமாட்டேன்.

பக்கத்து அறையில் வைத்த டெலிபோனை ஐயா சுற்றினார். போர்டில் 'டக்' என்று ஒரு பித்தளைத் தகடு விழுந்தது. அடியில் 3 என்ற எண். அந்த மின்சாரம் ஒரு சின்ன மின்காந்தத்தைத் தூண்ட, அது கொக்கியை விடுவிக்க, தகடு தன் பாரத்திலேயே விழுகிறது. திரையும் இல்லை, விளக்கும் இல்லை. யார் கூப்பிட்டார் என்பது தூசிக்குள்ளும் தெரிகிறது. இவ்வளவு நேர்மையான 'மிஸ்ட் கோல்' அறிவிப்பை எந்தக் கைபேசியிலும் பார்த்ததில்லை.

பிறகு வேலை முழுக்க மனிதருடையது. விழுந்த தகட்டுக்குக் கீழுள்ள துளையில் ஒரு பிளக்கைச் செருகி, சாவியைத் தள்ளி, "யார் வேணும்?" என்று கேட்க வேண்டும். சோடிப் பிளக்கை மற்றத் துளையில் செருகி, கைப்பிடியைச் சுற்றி, அந்தப் பக்கம் எடுத்ததும் விலகிக்கொள்ள வேண்டும். 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் 21 பேருக்காகத் தொடங்கிய எக்ஸ்சேஞ்சிலும் நடுவில் ஓர் ஆள் இருந்து இணைத்ததுதான் முறை. கோயில் திருவிழாவில் கீபோர்டுக்குச் செருகுகிறோமே, அந்தக் கால் அங்குல பிளக்கும் இந்த வம்சம்தான்.

குறைகள் உண்டு. பேசும் குழலில் இருப்பது கரித்தூள். ஈரம் பட்டால் கட்டிபட்டுக் குரல் அமுங்கிவிடும். ஊவா மூடுபனியில் அதைத் தட்டித் தட்டியே பேச வேண்டியிருந்தது. பிளக்கின் கழுத்தில் கயிறு இற்றுப்போகிறது. பேசி முடித்தவர் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினால்தான் முடிந்ததைக் காட்டும் தகடு விழும். அவர் மறந்தால் கிளாக்கர் ஒட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அப்ப எல்லாம் காதுல விழுமா ஐயா?"

"விழும் தம்பி. விழாத மாதிரி இருக்கணும். அதுக்குந்தான் சம்பளம்."

1960களில் அமெரிக்க ஆபீஸ்களில் பரவிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1ஏ2 வகை இந்த நடு ஆளைக் கழற்றிவிட்டது. ஐந்து லைன் பொத்தான்கள், சிவப்பு ஹோல்ட் பொத்தான். எந்த லைனில் ஆள் இருக்கிறார் என்று பொத்தானுக்குள் விளக்கு எரியும். வசதிதான். ஆனால் ஒவ்வொரு மேசைக்கும் 50 கம்பிகள் கொண்ட தடித்த கேபிள் போக வேண்டும். இடி அடிக்கடி இறங்கும் மலையில் எனக்கு அது வேண்டாம். இந்தப் போர்டை ஒரு திருப்புளியோடு பிற்பகலுக்குள் சரிசெய்தேன்.

எண்களுக்குரிய பெயர்களை ஐயா நினைவிலிருந்து சொன்னார். ஒன்று பெரிய துரை பங்களா. இரண்டு சின்னத்துரை. மூன்று ஸ்டோர். நான்கு மருந்துக்காரர் ஐயா. ஐந்து தபால்கந்தோர். லயத்துக்கு? சிரித்தார். லைன் என்று பெயர்தான், லைன் கிடையாது.

இராத்திரி லயத்தில் ஒருத்திக்கு வலி எடுத்தால் யாராவது ஸ்டோருக்கு ஓடுவார்கள். வாட்சர் கைப்பிடியைச் சுற்றுவார். மூன்றாம் தகடு விழ, அதோடு பூட்டிய மணி ஆபீஸுக்குப் பின்னால் தூங்கும் கிளாக்கரை எழுப்பும். அவர் லாந்தரோடு வந்து மூன்றையும் நான்கையும் இணைப்பார்.

"எவ்வளவு நேரம் எடுக்கும் ஐயா?"

"போர்டுல ஒரு நிமிஷம். லயத்துலருந்து ஸ்டோருக்கு ஓடி வாறதுதான் அரை மணித்தியாலம்."