ஜாஸ் இசையின் வரலாறும் வானொலியும்: சில விமரிசனக் குறிப்புகள்

1938ஆம் ஆண்டு மார்ச் 26ஆந் திகதி, அமெரிக்க வானொலியில் றொபேட் றிப்ளி நடத்திவந்த 'நம்பினால் நம்புங்கள்' என்னும் நிகழ்ச்சியில், டபிள்யூ. சி. ஹான்டி என்னும் இசையாளர் ஜாஸ், புளூஸ் ஆகிய இசைவகைகளைத் தோற்றுவித்தவர் என நேயர்களுக்கு அறிமுகஞ் செய்யப்பட்டார். பொழுதுபோக்கு நிகழ்ச்சியொன்றிற் போகிறபோக்கிற் சொல்லப்பட்ட இக்கூற்றினாற் சினமுற்றவர், வாஷிங்டன் நகரில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்த சிறு விடுதியொன்றிற் பியானோ வாசித்துக் காலங்கழித்துக் கொண்டிருந்த ஜெலி றோல் மோர்ட்டன். 1926ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் விக்டர் நிறுவனத்துக்காக 'றெட் ஹொட் பெப்பர்ஸ்' குழுவினருடன் இவர் பதிவு செய்த இசைத்தட்டுகள் ஜாஸ் இசையின் முதன்மையான ஆக்கங்களுட் சேர்த்தெண்ணப்படுபவை. 1938இல் அவரை நினைவில் வைத்திருந்தோர் மிகச் சிலரே. ஜாஸ் இசையை 1902இல் உருவாக்கியவன் தானே என்றும், ஹான்டிக்கு அப்பெருமை உரியதன்று என்றும் நீண்டதொரு கடிதம் எழுதினார். அது 'டவுன்பீற்' இதழில் வெளிவந்தது.

ஒரு மனிதன் ஓர் இசைமரபைத் தனியே தோற்றுவித்தல் இயலாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அத்துடன், ஆய்வாளர் இன்று பெரிதும் ஏற்கும் பிறப்பாண்டின்படி 1902இல் மோர்ட்டனுக்கு வயது பன்னிரண்டு. ஆயினும் அவரது கோரிக்கையை வெறுந் தற்பெருமை என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. இசை பண்டமாகிவிட்ட ஒரு சமுதாயத்தில் 'தோற்றுவித்தவர்' என்ற சொல் பதிப்புரிமையின் சொல், பணத்தின் சொல். இசையாக்குநர்களின் உரிமைத்தொகையைத் திரட்டி வழங்கிய அஸ்காப் அமைப்பு 1939 வரை மோர்ட்டனை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் இசை நாடெங்கும் ஒலிக்க, அதன் பயன் பிறருக்குச் செல்வதைக் கண்டவரின் கோபமே வரலாற்றுரிமை என்ற வடிவிற் பேசியது.

அதே ஆண்டு மே மாதம், இருபத்துமூன்று வயதினரான அலன் லோமக்ஸ், வாஷிங்டனிலுள்ள கொங்கிரஸ் நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கிற் பியானோ ஒன்றின் முன் மோர்ட்டனை அமர்த்தி, அவரது பேச்சையும் வாசிப்பையும் பாட்டையும் தட்டுகளிற் பதியத் தொடங்கினார். வானொலி 'யார் முதலில்?' என்று கேட்டது. நூலகத்திற் கிடைத்த விடையோ அவ்வினாவையே பயனற்றதாக்கிவிட்டது. மோர்ட்டன் தன்னைப் பற்றியே பேச விரும்பினார் என்பது உண்மை. ஆனால் அவர் பேசப்பேச நியூ ஓர்லியன்ஸ் நகரின் வீதிகளும் மரண ஊர்வலங்களும் சூதாட்டக் கூடங்களும், பெயர் மறைந்துபோன பியானோக் கலைஞர் பலரும் எழுந்து வந்தனர்.

இப்பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 1950இல் லோமக்ஸ் வெளியிட்ட நூல், அந்நகரின் இசையாளர் பலர் கைவினைத் தொழிலாளர் என்பதைப் புலப்படுத்தியது. ஜொனி சென் சீர் சுவருக்குச் சாந்து பூசுபவர். மனுவெல் பெரெஸ் சுருட்டுத் தொழிலாளி. கலப்பினத்தவரான கிறியோல் மக்கள் ஓரளவு கல்வியும் தொழிற்றிறனும் ஐரோப்பிய இசைப் பயிற்சியும் பெற்றிருந்தனர். 1890இல் லூசியானாவிற் புகையிரதங்களில் இனவாரியாகப் பெட்டிகளைப் பிரிக்கும் சட்டம் வந்ததும், 1896இல் அதனை உயர் நீதிமன்றம் ஏற்றதும், அவர்களை ஏனைய கறுப்பின மக்களோடு ஒரே நிலைக்குத் தள்ளின. ஏட்டைப் பார்த்து வாசித்தவர்களும் செவிவழி பயின்றவர்களும் ஒரே குழுவில் நின்று பிழைக்க நேர்ந்தது. ஜாஸ் இசையின் பிறப்பை விளக்க முற்படும் எவரும் தொடங்கவேண்டிய இடம் இதுவே.

1938ஆம் ஆண்டு வேறு இரு வகையிலும் மனங்கொள்ளத்தக்கது. வானொலி ஆய்வுத் திட்டமொன்றிற் பணியாற்ற அடோர்னோ அமெரிக்கா வந்தடைந்தது அவ்வாண்டின் தொடக்கத்தில். ஆண்டின் இறுதியில், டிசம்பர் 23இல், இடதுசாரி ஏடாகிய 'நியூ மாசஸ்' பொறுப்பேற்க, ஜோன் ஹமண்ட் கார்னகி மண்டபத்திற் கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்கள் முதற்கொண்டு சுவிங் வரையிலான இசையை மேடையேற்றினார். அடோர்னோ 1936இலேயே புனைபெயரில் எழுதிய கட்டுரையில் ஜாஸை முற்றாக நிராகரித்திருந்தார். பண்டமாக்கப்பட்ட இசை கேட்பவரின் செவியை மழுங்கச் செய்கிறது என்ற அவரது கணிப்பு வானொலி நடனக் குழுக்களைப் பொறுத்தவரை பெரிதும் சரியானது. ஆனால் வானொலி தந்ததையே அவர் ஜாஸ் முழுவதுமாகக் கொண்டார். அமெரிக்க வானொலி வலையமைப்புகளின் நிலைய இசைக்குழுக்களிற் கறுப்பினக் கலைஞருக்கு இடம் கிடைப்பது மிக அரிது. சிக்காகோவில் இசைத் தொழிலாளர் சங்கமே வெள்ளையருக்கு 10ஆம் கிளை, கறுப்பினத்தவருக்கு 208ஆம் கிளை என 1966 வரை பிரிந்து கிடந்தது. இப்பிரிவினையின் ஒருபுறத்து ஒலியை மாத்திரம் கேட்டு எழுதப்பட்ட தத்துவம், தன்னை அறியாமலே அப்பிரிவினையை ஏற்றுக்கொண்டுவிட்டது. 1948இல் 'ஜாஸ்: மக்களின் இசை' என்னும் நூலை எழுதிய சிட்னி ஃபிங்கல்ஸ்ரைன், மார்க்சியவாதி என்ற வகையில் இவ்விடத்திற் கூடுதற் செவிக்கூர்மை உடையவராயிருந்தார் என்பதே என் கருத்து.

வானொலி வரலாறுகள் விரும்பிச் சொல்லும் கதையொன்றுண்டு. 1917இற் கடற்படையின் வற்புறுத்தலால் நியூ ஓர்லியன்சின் ஸ்டோரிவில் பகுதி மூடப்பட்டதாம். இசையாளர்கள் மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகேறிச் சிக்காகோ சென்றனராம். ஸ்டோரிவில் மூடப்பட்டது உண்மை; ஆற்றுப் படகுகளில் இசைக்குழுக்கள் வாசித்ததும் உண்மை. ஆனால் மிசிசிப்பி சிக்காகோவுக்குச் செல்லவேயில்லை! இசையாளர்கள் சென்றது புகையிரதத்தில். தெற்கின் பருத்தி நிலங்களையும் இனவெறிக் கொலைகளையும் விட்டு வடக்கின் இறைச்சித் தொழிற்சாலைகளை நாடிச் சென்ற இலட்சக்கணக்கான தொழிலாளரோடு சென்றனர். 1922இல் கிங் ஒலிவரின் அழைப்பை ஏற்று லூயி ஆம்ஸ்ட்ரோங் சிக்காகோவிற் புகையிரதத்தால் இறங்கியபோது, அவரது இசையைக் கேட்கவிருந்தோர் ஏற்கெனவே அங்கு வந்து குடியேறியிருந்தனர். படகுக் கதை அழகானது. அதில் வேலை தேடுவோர் எவருமில்லை.

இவற்றுக்கிடையே விதிவிலக்கான ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடாதிருக்க முடியாது. 1944இல் ஓர்சன் வெல்ஸ், எண்ணெய் நிறுவனமொன்றின் விளம்பர ஆதரவுடன் நடத்திய வாராந்த நிகழ்ச்சியில், நியூ ஓர்லியன்ஸ் மரபின் மூத்த கலைஞர்களை ஒன்றுகூட்டினார். குழுவில் வாசித்த கிட் ஓறி, பொருளாதார மந்தக் காலத்தில் இசையைக் கைவிட்டுக் கோழிப்பண்ணை நடத்தியவர். ஏப்ரல் 19ஆந் திகதி, ஒலிபரப்பு நாளன்று காலை, கிளாரினெற் கலைஞர் ஜிமி நூன் காலமானார். அன்றிரவு வெல்ஸ் அவரைப் பற்றிச் சில சொற்கள் கூற, குழுவினர் அவருக்காக ஒரு புளூஸ் வாசித்தனர். எண்ணெய் விளம்பரங்களுக்கு நடுவே, மாண்டவரை இசையால் வழியனுப்பும் நியூ ஓர்லியன்ஸ் வழக்கம் அந்தச் சில நிமிடங்களில் உயிர்பெற்றது. வரலாற்றை விளக்காமலே வரலாற்றை நிகழ்த்திய வானொலி என இதனைக் கூறலாம்.

1955 ஜனவரியில் அமெரிக்கக் குரல் வானொலியில் வில்லிஸ் கொனோவர் தொடங்கிய ஜாஸ் நிகழ்ச்சி வேறு வகையினது. ஆங்கிலம் அதிகம் அறியாதோரும் விளங்கிக்கொள்ளும்படி நிதானமாகப் பேசிய அவர், 1996இல் இறக்கும்வரை இலட்சக்கணக்கான நேயர்களுக்கு, குறிப்பாகக் கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் இருந்தோருக்கு, ஜாஸ் ஆசிரியராக விளங்கினார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வானொலி உள்நாட்டு நேயரை நோக்கி ஒலிபரப்புவதற்கு இடமளிக்காமையால் சொந்த நாட்டில் அவரை அறிந்தோர் சிலரே. இசையறிவிலும் தெரிவிலும் அவரிடம் குறைகாண்பது கடினம். ஆனால் பொது விதிகளை ஏற்று அவற்றுள் தனியாள் சுதந்திரமாக இயங்குவதே ஜாஸ், அதுவே அமெரிக்க ஜனநாயகத்தின் அமைப்பும் என்று அவர் விளக்கியபோது, அவ்விசையை ஆக்கிய மக்களுட் பெரும்பாலோர் தெற்கு மாநிலங்களில் வாக்களிக்கவும் இயலாதிருந்தனர். வாக்குரிமைச் சட்டம் வந்தது 1965இல். 1957இல் லிட்டில் றொக் பாடசாலை விவகாரத்தில் அரசின் போக்கைக் கண்டித்து, சோவியத் பயணத்துக்குச் செல்ல மறுத்த ஆம்ஸ்ட்ரோங், அந்த உவமையின் பொய்மையை எந்த விமரிசகரையும் விடத் தெளிவாக வெளிப்படுத்தினார்.

இவ்வலைகளில் இலங்கைக்கும் பங்குண்டு. 1951இலேயே அமெரிக்கக் குரலுக்கும் இலங்கை வானொலிக்கும் உடன்பாடு ஏற்பட்டது. 1963இல் அமெரிக்க அரசுத் திணைக்களம் அனுப்பிய டியூக் எலிங்டன் குழு கொழும்பிலும் வாசித்தது. அந்நிய ஒலிபரப்பு வசதிகள் இராணுவ, உளவு நோக்கங்களுக்குப் பயன்படலாகாது என்ற விடயம் 1987 இந்திய – இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களிலும் இடம்பெற்றது. அந்நிலையங்களின் அரசியலை எதிர்ப்பது நியாயமே. அந்த எதிர்ப்போடு சேர்த்து ஜாஸையும் ஏகாதிபத்தியப் பண்பாடு என்று ஒதுக்குவோர், அவ்விசை அமெரிக்க அரசின் சொத்து என்ற அந்த அரசின் வாதத்தையே ஒப்புக்கொள்கின்றனர்.

பிற்காலத்து முயற்சிகளுட் கவனத்துக்குரியது, டெக்சஸ் மாநிலத்துச் சன் அன்ரோனியோவிலிருந்து 1989 முதல் 2012 வரை பொது வானொலி நிலையங்களில் ஒலித்த 'றிவர்வோக் ஜாஸ்'. ஜிம் கல்லம் குழுவினரின் நேரடி வாசிப்புடன் பழங் கலைஞர்களின் வாழ்வை நடிகர் குரலிலும் வழங்கிய இந்நிகழ்ச்சிகளின் தொகுப்பை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் பேணியுள்ளது. பழைய இசையை அருங்காட்சிப் பொருளாக்காது வாசித்துக் காட்டியது இதன் பெருஞ் சிறப்பு. ஆயினும் கதைசொல்லும் நயம் சில வேளைகளில் வறுமையையும் நினைவின்பமாக்கிவிடுகிறது. இந்நிகழ்ச்சியில் மோர்ட்டனாகப் பேசிய வேர்னல் பக்னேறிஸ் ஆற்றல்மிக்க நடிகர். அவரைக் கேட்டபின் நூலகப் பதிவுகளையும் கேட்டல் வேண்டும். 1947இல் இசைத்தட்டாக வெளிவந்தபோது விடுதிகளிற் பாடப்பட்ட பச்சையான பாடல்கள் நீக்கப்பட்டிருந்த அப்பதிவுகள், மோர்ட்டன் இறந்து அறுபத்துநான்கு ஆண்டுகள் கழிந்து, 2005இலேயே முழுமையாகக் கிடைத்தன. அவற்றில் நினைவின்பம் அதிகமில்லை. களைத்த ஒரு மனிதர் பழைய கணக்குகளைத் தீர்த்துக்கொண்டே வாசிக்கிறார். அவரது கால் அரங்கின் தரையில் தாளந் தட்டுவது பியானோவுக்கு அடியிலிருந்து தெளிவாகக் கேட்கிறது.